எனக்கு வராத ஐந்தாவது தட்டு

மகள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, ரெஸ்டோரண்டுக்குக் கோல் எடுத்து ஒண்டும் சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ. உங்கள் ரெண்டு பேருக்கும் மாட்டிறைச்சி வராது. நான் சொல்லிவைச்சிட்டன்."

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது.

அவள் சமைக்கிற உணவகம் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. முன்பு அது டெப்பனர், தெருமுனைச் சின்னக் கடை. பாலும் பாணும் வாங்கப் போவேன். இப்போது இருபது பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். மெனு என்று கையில் ஒன்றும் தரமாட்டார்கள். அந்தப் பருவத்தில் தோட்டங்களில் என்ன விளைகிறதோ அதை வைத்து ஏழு சின்னத் தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதில் ஐந்தாவது தட்டு மகளுடையது. அவளே யோசித்து, அவளே செய்து பார்த்தது. செஃப் ருசி பார்த்துவிட்டு மெனுவில் சேர்த்திருந்தார்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சமையலுக்குப் போனவள் அவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நின்றால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்: புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஒட்டுகிற வேலை கிடைக்கும். அந்தக் கோபத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டே எட்டு மாதம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். "ஒருக்கா வந்து என்ரை தட்டைச் சாப்பிட்டுப் பாருங்கோ. பேந்து ஏசுங்கோ." சரி என்றேன். அந்தத் தட்டைச் சாப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அங்கே போக இருந்தோம்.

வெயர்ஹவுஸில் பக்கத்தில் நிற்கிற பிள்ளை என் மனத்தைக் கெடுத்தாள். "அக்கா, சாப்பிடமாட்டம் எண்டு சொன்னால் இவங்கள் இறைச்சியைத் தூக்கிப் போட்டிட்டுச் சாறைத் தந்துவிடுவாங்கள். அலர்ஜி எண்டு சொல்லுங்கோ. அப்பத்தான் பயப்பிடுவாங்கள்."

இரண்டு நாள் அதே யோசனை. சாறு எதில் காய்ச்சுவார்களோ, அதே சட்டியோ, மகள் சொன்னதை யாராவது மறந்துவிட்டால் என்ன செய்வது. மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் கோல் எடுத்தேன்.

மறுமுனையில் கதைத்த உணவகப் பெண் மரியாதையானவள். மாட்டிறைச்சி அலர்ஜி என்றேன். கடுமையானதா என்று கேட்டாள். மிகவும் கடுமை என்றேன். அப்படியானவர்களில் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது, உங்களுக்கு எப்படி என்றாள். ஒத்துக்கொள்ளும் என்றால் பொய் பிடிபட்டுவிடும்போல இருந்தது. அதுவும்தான் என்றேன். காலையில் பால் தேத்தண்ணி குடித்த அதே வாயால்.

போன அன்று என் கணவருக்கு வெண்ணெயோடு பாண் வந்தது, எனக்கு வெறும் பாண். அவருக்குச் சீஸ் வைத்த தக்காளி, எனக்குத் தக்காளி. "உமக்குத் தனிக் கவனிப்பாக் கிடக்கு" என்று இவர் சிரித்தார். நான் வெறும் பாணைக் கடித்தேன்.

ஐந்தாவது தட்டு வருமுன்னமே வாசம் வந்தது. பொரித்த மோர்மிளகாய். என் அலுமாரியில் இருந்த பை ஏன் குறைந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கிரீமில் அவித்த சோளம், மேலே நொறுக்கிய மோர்மிளகாய். அது இவருக்கு மட்டும்தான் வந்தது. எனக்கு முன்னால் வைத்தது வாட்டிய பூசணித் துண்டு.

பரிமாறுகிற பெண்ணிடம், எனக்கு ஒன்றும் செய்யாது, அதையே கொண்டு வாருங்கள் என்றேன். அவள் உள்ளே போனாள். வந்தது மகள், ஏப்ரனோடு.

"அம்மா, கோல் எடுத்தனீங்களோ?"

"மாடு வந்திடுமோ எண்ட பயத்தில, பிள்ளை…"

"நான் சொன்னனான்தானே!"

"சரி, நான் சொன்னது பொய். இப்ப கொண்டு வா."

"ஏலாது. அலர்ஜி எண்டு ஒருக்கா எழுதினால் பேந்து ஆர் சொன்னாலும் குடுக்கமாட்டினம். அம்மாக்குப் பால் ஒத்துக்கொள்ளாதோ எண்டு செஃப் கேட்டவர். ஒத்துக்கொள்ளும் எண்டன். அப்ப அம்மா பொய் சொன்னவவோ எண்டு கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

இவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா எண்டால்?"

"நல்லா எண்டால் நல்லாத்தான் இருக்கு. இனிப்பும் உறைப்பும்."

"உப்பு?"

"கிடக்கு."

முப்பது வருசம் என் சமையலைச் சாப்பிட்டு இதே நாலு சொல்லைச் சொன்ன மனுசன். இவரிடம் கேட்டு நான் எதை அறிவது? "ஒரு கரண்டி தாங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"அந்தப் பரிமாறுற பெட்டை உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. பிறகு அம்புலன்ஸுக்கு அடிச்சிடும்." சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பாணால் வழித்து வாயில் போட்டார். தட்டு கழுவி வைத்ததுபோல இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, அவளுக்கு லீவான திங்கட்கிழமை, வீட்டில் ஒருக்கா செய்து தா என்று கேட்டேன்.

"அந்த மெனு முடிஞ்சுது, அம்மா. சோளக் காலம் போயிட்டுது."

"டின் சோளம் இருக்குத்தானே."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அதற்குப் பிறகாவது வாயை மூடியிருக்கலாம்.

"நல்லாத்தான் இருந்திருக்கும், பிள்ளை" என்றேன்.

"நீங்கள் சாப்பிடேல்லையே, அம்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவள் வேலை நல்ல வேலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எதைச் சாப்பிட்டுப் பார்த்து அதைச் சொல்வது?