ரிசல்ட் நாளன்று தூக்கிய கர்னல்

கரண்ட் வந்ததும் எங்கள் பிரவுசிங் சென்டரில் எல்லா கம்ப்யூட்டரும் சேர்ந்தாற்போல 'பீப்' என்று கத்தும். எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் திண்டுக்கல் கடைதான் ஞாபகத்துக்கு வருகிறது...

இரண்டாயிரங்களின் பிற்பாதி. கடை அண்ணனுடையது. கடைக்கே நெட் பிரித்துக் கொடுக்கிற மெயின் மெஷினில், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டது நான். அண்ணனுக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது.

"ஓசியில வந்தது இப்படித்தேன் இருக்கும்" என்பான்.

மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட். விசேஷத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கிற மாதிரி, மெஷினுக்கு அப்டேட் போட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. புது கர்னல் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. மெஷினுக்கு உயிர்நாடியே கர்னல்தான். அந்தப் புதுசுக்கோ எங்கள் பழைய நெட் கார்டைக் கண்டாலே ஆகவில்லை.

காலையில் மெஷின் கிளம்பும்போது வருகிற மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து நெட்டை வரவைத்தேன். ஆனால் கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாகப் புதுசுக்கே போய்விடும். நம்மூரில் கரண்ட் போகாத நாள் உண்டா?

வாசலில் சின்னாளப்பட்டி, ரெட்டியார்சத்திரம் பிள்ளைகள், அப்பா அம்மாவோடு...

"ஏத்தா, இம்புட்டுச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ல? இன்னைக்குக் கவுத்துச்சுன்னா உன் லினக்ஸத் தூக்கிப் போட்டுருவேன்."

"செத்த நேரம் பொறுண்ணே."

புது கர்னலை நீக்கும்படி மெஷினுக்குச் சொன்னேன். பாதியில் நிற்கிற அப்டேட் பேக்கேஜ்களை முதலில் முடி என்று அடம் பிடித்தது. ஒவ்வொன்றாக இறக்கி முடித்தேன். திரும்பச் சொன்னேன். இதை எடுத்தால் கூடவே சிலதும் போகும், சம்மதமா என்றது.

நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிவிடக் கூடாதே! ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல்தானா என்று மறுபடி பார்த்துவிட்டு, சம்மதம் என்று 'ஒய்' அடித்தேன்.

பிறகு நானே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"அடியே, என்னடி செய்யிற!"

போட்டேன். பீப்... நேராகப் பழைய கர்னல். நெட் வந்தது.

முதல் பிள்ளையின் மார்க் திரையில் வந்ததும் வாசலே கத்தியது. கூட்டம் முண்டியடித்து உள்ளே வர, அண்ணன் குறுக்கே கையை நீட்டினான்.

"ஏலே, அந்த மெஷின்ல ஒருத்தரும் கை வைக்காதீங்க. அது எந்தங்கச்சி மெஷினு!"

இப்போது ரிசல்ட் அவரவர் போனிலேயே வந்துவிடுகிறது. வேண்டாத கர்னலை மெஷினே பார்த்து நீக்கிவிடுகிறது. கம்பெனியில் எத்தனையோ சர்வர்கள் என் பொறுப்பில்... பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

ஆனாலும் அதில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் 'அது அவ மெஷினு' என்று சொன்னதில்லை.