சாவுச் சேதியும் சாமைச் சோறும்

சினிமாவில் அந்தக் காட்சி வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஜீப் வந்து நிற்கும். மிடுக்காக இரண்டு பட்டாளத்துக்காரர்கள் இறங்குவார்கள். தாய்க்காரி ஓடி வருவாள், பின்னால் வயலின் அழும். நான் போன இடத்துக்கு ஜீப்பும் போகாது, வயலினும் போகாது. போளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடிவாரம் வரைக்கும் மாட்டுவண்டி, அதற்கு மேல் சவ்வாது மலையில் நாலு மணி நேரம் நடை. சொல்லப் போன சேதியைவிட என் குதிகால் கொப்புளம்தான் அன்றைக்கு எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. அப்பேர்ப்பட்ட வீரன் நான்.

சீனச் சண்டை முடிந்திருந்த பனிக்காலம் அது. வேலூரில் ஒரு பட்டாளத்து ஆபீசில் நான் ஹவில்தார் கிளார்க். துப்பாக்கியைத் துடைத்த நாளைவிட டைப்ரைட்டரைத் துடைத்த நாள்தான் அதிகம். மலைக்காரப் பையன் ஒருவன் வடக்கே செத்துப்போனான் என்று காகிதம் வந்தது. மற்ற ஊர்களுக்கானால் ஒரு தந்தி அடிப்பார்கள், அதோடு சரி. இந்த மலைக்கிராமத்துக்குத் தந்தி போக வழியில்லை. நேரில் போய் கௌரவமாகச் சொல்ல வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார். கௌரவமாம், கௌரவம்! உயிரோடு இருந்தவனுக்குப் பனி தாங்குகிற கோட்டு கொடுத்தார்களோ இல்லையோ, செத்தவனுக்குக் கௌரவம் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

என்னோடு வந்தவர் ஒரு கேப்டன். மெட்ராஸ் பையன், காலேஜ் வாசனை இன்னும் போகவில்லை. ஏறுகிற வழியெல்லாம் மூச்சு வாங்க வாங்க ஒரு பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். “உங்கள் மகன் பாரதத் தாயின் மகுடத்தில் ஒரு வைரம்” என்று அது தொடங்கும். எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். “ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றேன். எனக்கு வேறு என்ன வேலை, சம்பளமே அதற்குத்தானே.

அந்த வீட்டைச் சுற்றி முள்வேலி, வாசலில் ஒரு மூங்கில் படல். செத்தவனின் தாய் புருஷன் இல்லாதவள், பிள்ளை அவன் ஒருவன்தான். களத்தில் சாமை உலர்த்திக்கொண்டிருந்தவள் எங்கள் காக்கியைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? சல்யூட் அடித்துவிட்டுச் சிரித்தார். பெண்களைக் கண்டால் மரியாதையாகச் சிரிக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே படலைத் தள்ளி, பூட்ஸ் காலோடு உள்ளே போய்க் கூரை நிழலில் கிடந்த கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

“எம்புள்ள கூட்டாளிங்களா? எம்மாந் தூரம் நடந்து வந்துகீறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க” என்று செம்பை நீட்டினாள்.

எங்கள் ஊரில் சாவுச் சேதி கொண்டு வருகிறவன் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தேன். கேப்டன் குடித்தார், நானும் குடித்தேன். குடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். கேப்டனுக்கு மகுடமும் வைரமும் தொண்டையில் சிக்கிக்கொண்டன. அதற்குள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்துவிட்டன. பசி. வெட்கக்கேடு, நான் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தாய்க்காரிக்கு முகமெல்லாம் பல்.

“லீவு எப்ப குடுப்பாங்க சாமி? மாசியில கண்ணாலம் வெச்சிக்கலாம்னு பொண்ணு வூட்ல சொல்லிட்டாங்க. அவன் வந்தாப் போதும்.”

கேப்டன் என் காலை மிதித்து, “நீ சொல்லு, ஹவில்தார்” என்றார். “நீங்கதான் சார் சொல்லணும்” என்றேன். எச்சில் கையோடு இரண்டு தடிமாடுகள் உட்கார்ந்து நீயா நானா என்று தள்ளிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் எழுந்து கை கழுவி, பெல்ட்டைச் சரிசெய்து, பிரசங்கத்தைத் தொடங்கினார். மகுடம், வைரம், வீரத்தாய் எல்லாம் வந்தது. செத்தான் என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை.

அவள் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டாள். “பெரிய உத்தியோகம் குடுத்துட்டாங்களா?” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, உங்க பையன் செத்துட்டான்மா. சண்டையில செத்துட்டான்” என்று போட்டு உடைத்தேன்.

அவள் சிரித்தாள். “இன்னா சாமி, வெளயாடறதுக்கு வேற பேச்சே இல்லியா?” என்றாள். நான் மறுபடியும் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எழவு சேதி சொல்றவன் படலுக்கு வெளிய நிப்பான்யா. தலயில துணி இருக்காது. எங்க வூட்டுத் தண்ணிய மோந்து பாக்க மாட்டான். நீங்க உள்ள பூந்து, தொப்பியோட குந்திக்கினு, ரெண்டு வாட்டி சோறு வாங்கித் துன்னுட்டு எம்புள்ள செத்துட்டான்றீங்க. ஆருனா கேட்டா நம்புவாங்களா?”

கூட இருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கேப்டன் காகிதத்தை எடுத்து முத்திரையைக் காட்டினார். அவள் அதை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. “கடுதாசி எழுதனவனும் சோறு துன்னுட்டுத்தான் எழுதி இருப்பான்” என்றாள். பதிலுக்கு அவர் ஆங்கிலத்தில் ஏதோ முனகினார். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, அதுதான். நாங்கள் இப்படியே இறங்கிப் போய்விட்டால் அவள் மாசி வரைக்கும் அவனுக்காகக் காத்திருப்பாள். அதற்கு அடுத்த மாசியும் காத்திருப்பாள்.

நான் எழுந்தேன். படலைத் தாண்டி வெளியே போய் அதை இழுத்துச் சாத்தினேன். தொப்பியைக் கழற்றினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் மலையேறி வந்து சேர்ந்தவன்போல.

அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே கட்டிலண்டை நின்ற கேப்டனைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். மெதுவாகப் படலண்டை வந்தாள்.

“சொல்லு” என்றாள்.

சொன்னேன். அவள் விழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை.

“உசுரு போவசொல்ல அவன் பக்கத்துல ஆருனா இருந்தாங்களா?” என்று கேட்டாள்.

கேப்டன் காட்டிய காகிதத்தை வேலூரில் வரிக்கு வரி டைப் அடித்தவன் நான்தான். படைப்பிரிவு, நம்பர், அரசாங்கத்தின் ஆழ்ந்த அனுதாபம் எல்லாம் அதில் உண்டு. இவள் கேட்டதற்கு ஒரு சொல் கிடையாது. கேப்டன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இருந்தேம்மா” என்றேன்.

இமயமலையைக் காலண்டரில் மட்டுமே பார்த்தவன் சொன்னேன் இதை. அனாதையாகச் சாகவில்லை என்று அவள் மனது ஆறட்டுமே என்றுதான் சொன்னேன். ஆஹா, என்ன பரந்த மனசு!

அவள் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். ஒரு கிழிசல் இல்லாத சட்டையைப் பார்த்தாள். கை இரண்டு, கால் இரண்டு, ஒரு கீறல் இல்லை.

“கூடவே இருந்தியா?”

“இருந்தேம்மா.”

“அப்ப அவன வுட்டுட்டு நீ மட்டும் எப்டி வந்த?”

பின்னால் பெண்கள் ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். அவள் மட்டும் அழவில்லை. படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் பதில் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தாள்.