கொன்றைத் தாளில் ஒரு பெயர்

நயினார் முகம்மதுவோடு தாராவியில் ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தேன். அவர் தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரர். நான் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் உதவியாளன்; எங்கள் ஊரின் முதல் பட்டதாரி. "என்னவே பி.எஸ்ஸி., இன்னைக்கு எந்தச் செடிக்கு எந்தச் செடியை மச்சானாக்கினீரு?" என்றுதான் தினமும் வரவேற்பார்.

1964இல் எங்கள் விரிவுரையாளர் அனந்தநாராயணன் டாக்டர் பட்டத்துக்காகக் கொன்றை வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொன்றை, ஆவாரை, தகரை எல்லாம் புத்தகத்தில் காசியா என்ற ஒரே பேரினம். கொன்றை அதில் சேராது என்பது அவர் சந்தேகம். அதன் மூன்று மகரந்தக் காம்புகள் மட்டும் நீண்டு கொக்கிபோல வளைந்திருக்கும். இதை நயினாரிடம் சொன்னேன். தோலுக்கு வரும் ஆவாரம்பட்டையில் கொன்றைப்பட்டை கலந்திருந்தால் முகர்ந்தே பிரித்து எறிகிறவர் அவர். ஆவாரை இலைகளின் ஜோடிக்கு ஜோடி நடுவே ஒரு சிறு முளை இருக்கும், அதில் கசியும் தேனுக்கு எறும்பு வரும், கொன்றை இலையில் எறும்புக்கு ஒரு சொட்டும் கிடைக்காது, இரண்டும் எப்படி ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். நான் போய்ச் சொன்னதும் அனந்தநாராயணன் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அவரை அழைத்துவரச் சொன்னார்.

துறையில் உலர்த்திய செடிகளை ஒட்டிவைக்கும் தாள்களைப் பராமரிக்க ஓர் ஆள் எடுக்கப் போகிறார்கள், சேகரித்தவர் என்று தாளில் உன் பெயர் இருந்தால் அந்த வேலை உனக்குத்தான் என்று நயினாரிடம் சொன்னார் விரிவுரையாளர். சுண்ணாம்பு நயினாரின் நகங்களைப் பாதி தின்றிருந்தது. ஞாயிறுதோறும் செம்பூர், காட்கோபர் குன்றுகளில் ஏறினார். ஊருக்குப் போனபோது ஆவாரையும் கொண்டுவந்தார். முப்பத்தெட்டுத் தாள்கள் சேர்ந்தன.

செடியின் பெயரும் சேகரித்தவர் பெயரும் கொண்ட சீட்டுகளை ஆங்கிலத்தில் எழுதித் தாள்களில் ஒட்டியவன் நான். "தோல் கம்பெனிக்காரன் பேரைப் போட்டா பரிசோதகர் மதிக்க மாட்டார். கிராஜுவேட் பேரா இருக்கட்டும், உன் பேரையே போட்டுடுப்பா" என்றார் அனந்தநாராயணன். நான் மறுக்கவில்லை. ரஹ்மத்துல்லா, பி.எஸ்ஸி. என்று முப்பத்தெட்டு முறை எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

நயினாருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது; ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். தன் பெயர் எங்கே என்று ஆசையாகக் கேட்டார். கொன்றைத் தாளில் செடியின் பெயர் இருந்த முதல் வரியில் விரலை வைத்தேன். அந்த வரியைக் கண்ணால் மனப்பாடம் செய்துகொண்டார்.

நேர்காணலில் அவரே கொன்றைத் தாளைக் கேட்டு வாங்கி, முதல் வரியைத் தொட்டு, இதுதான் என் பெயர் என்றிருக்கிறார். குமாஸ்தா சிரித்தபடி அது மரத்தின் பெயர் என்று சொல்லி, சேகரித்தவர் பெயரையும் உரக்க வாசித்தான். பக்கத்திலிருந்த அனந்தநாராயணன் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னாராம். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் என் எதிரே உட்கார்ந்தார். நான் விரிவுரையாளர் மேல் பழியைப் போட்டேன்.

"அவரு யாரோ, எவரோ. நீரு என் தட்டுல சோறு தின்னவரு" என்றார். "விரலை வச்சுக் காட்டும்போது ஒமக்குக் கைகூட நடுங்கலியே வே."

மறுநாளும் குழி வேலைக்குப் போனார். அறையை விட்டுப் போகவில்லை. வாடகைக்கு வேறு இடம் கிடைப்பது அவ்வளவு சுலபமா? அடுத்த வாரம் அவர் மனைவி சபுராவிடமிருந்து கடிதம் வந்தது. நான் வாசிக்கக் கை நீட்டினேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத யாரிடமாவது வாசிக்கச் சொல்வதற்காக மாஹிம் பக்கம் நடந்தார்.