பாலைவனத்தில் இருந்த மீன்கொத்தி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் பாபநாசம் செல்லும் அரசுப் பேருந்தில் ஏறினேன். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பையில் ஒரு துண்டும், பள்ளி நாட்களில் வாங்கிய ஆறு காமிக்ஸ் புத்தகங்களும் இருந்தன. ஆறிலும் உள்ளே இருப்பது வெளிநாட்டுக் கதை, வெளிநாட்டுப் படம். அட்டை மட்டும் நம் ஊரில் தீட்டப்பட்டது. அந்த அட்டைகளுக்காகத்தான் மதுரையிலிருந்து வந்திருந்தேன். மறுநாள் பாளையங்கோட்டையில் அவற்றுக்கு ஒரு கண்காட்சி.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தேன். ஆப்பிரிக்க நதி. நடுவில் ஒரு பாறை. அதன் மேல் கத்தியோடு ஒருவன், கீழே வாய் பிளந்த முதலை. சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்த நடத்துநர் குனிந்து பார்த்தார்.

“ஆப்பிரிக்கான்னு போட்டிருக்கு. பாறை நம்ம பாவநாசத்துப் பாறைல்லா?”

“நிச்சயமாத் தெரியுமா?”

“அதுல இருந்துதான சின்னதுல குதிப்போம். முதலைதான் புதுசா இருக்கு.”

அவர் சொன்னது சரி. பாபநாசத்தில் இறங்கி, கோயில் படித்துறையில் நின்று அட்டையை நீட்டிப் பிடித்தேன். பாறையின் பிளவு, நீர் வளையும் இடம், பின்னால் மலையின் தோள், எல்லாம் பொருந்தின. பொருந்தாதது ஒன்றே. அட்டையில் தண்ணீர் தெளிவாக இருந்தது. என் காலடியில் பரிகாரம் முடித்தவர்கள் விட்டுப்போன வேட்டிகளும் சேலைகளும் ஊறிக்கிடந்தன. மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தத் துணிகளின் மீதே போட்டார்கள். பாவம் தொலைந்ததோ என்னவோ, துணி தொலையவில்லை.

அட்டையின் ஓரத்தில், பாறை நீரைத் தொடும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். ஆறு அட்டைகளிலும் உண்டு. பனிமலைப் படத்தில் கயிற்றின் மேல். பாலைவனப் படத்தில் கள்ளிச்செடியின் மேல். கதையை வாசிக்கும் முன் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வகுப்பில் வழக்கம். புத்தகத்தில் ஓவியர் பெயர் எங்கும் இருக்காது. அவரை நாங்கள் மீன்கொத்திக்காரர் என்றே சொன்னோம்.

சனிக்கிழமை காலை பத்து மணி. அச்சகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மீன்கொத்திக்காரரின் முகவரியைக் கொடுத்திருந்தார். திருநெல்வேலியை ஒட்டிய பேட்டை, பட்டறைகள் முடிந்து வீடுகள் தொடங்கும் ஒரு தெரு. கதவைத் திறந்தவர் மகள் நூர்ஜஹான். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர் மைதீன் பிச்சை. எண்பதை நெருங்கும் வயது, தடித்த கண்ணாடி. கைகுலுக்கும்போது விரல்கள் இரும்பாக இருந்தன.

பாலைவன அட்டையை அவர் மடியில் வைத்தேன். குதிரை நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். முன்னங்குளம்பு அட்டையைத் தாண்டி, பிடித்திருக்கும் கட்டைவிரலை மிதிப்பதுபோல் இருக்கும். தலைப்புக்காக மேலே விட்ட இடத்தை வெறும் வானமாக விடாமல் புழுதியாக ஆக்கியிருந்தார். தலைப்பெழுத்தே குதிரை கிளப்பிய புழுதியிலிருந்து எழுவதுபோல் தெரியும். இதையெல்லாம் சொன்னேன்.

“குதிரை ஜட்கா வண்டிக் குதிரை” என்றார். “டவுன்ல நின்னுச்சு. சீமைக் குதிரைக்கு எங்க போக?”

“பெயர் ஏன் போடலை?”

“போட்டேன். புத்தகம் போட்ட முதலாளி அழிச்சுட்டாவ. வெள்ளைக்காரன் குதிரையில வாறான், அடியில பேட்டை மைதீன் பிச்சைன்னு இருந்தா எவன்வே வாங்குவான்னாவ. சரி, பேருதான வேண்டாம், குருவி இருக்கலாம்லான்னு வச்சேன். அது அவருக்குத் தெரியவே இல்ல.”

“வாப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்காவ” என்றார் நூர்ஜஹான். “சிரிக்குத நாளுல ராத்திரி சாப்பாடு இறங்காது.”

பாளையங்கோட்டையில் கண்காட்சி நடப்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் பழத்தைக் கீழே வைத்தார். “பேரு போட்டிருப்பாவளா?” என்று கேட்டார். மகளிடம் வெள்ளைச் சட்டை எடுக்கச் சொன்னார்.

பேட்டையிலிருந்து மூவருக்கும் ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றைக் கடந்தபோது அவர் வெளியே பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

திருமண மண்டபத்தின் வாசலில் பாலைவனப் படம் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. உள்ளே வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள், ஒவ்வொன்றும் விற்பனைக்கு. விலை ஆயிரத்து எண்ணூறு. எல்லாவற்றின் கீழும் ஒட்டிய சீட்டில் ஒரே வரி: “ஓவியர்: அறியப்படாதவர்.” ஆட்டோவில் இருபது நிமிடத் தொலைவில் இருப்பவர் எப்படி அறியப்படாதவர் ஆனார்? அறிய யாரும் முயலவில்லை என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள்.

மைதீன் பிச்சை சட்டத்தருகே போய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கள்ளிச்செடி வெறுமையாக இருந்தது.

“எம் பறவைய எங்க?”

ஏற்பாட்டாளர் சங்கரன் ஓடி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் வேலை, காமிக்ஸ் சேகரிப்பு. யார் வந்திருக்கிறார் என்று நூர்ஜஹான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அதில் பொய் இல்லை.

“அது பழைய தப்பு பெரியவரே. பாலைவனத்துல மீன்கொத்தி எப்படி வரும்? நெட்ல இருக்கவங்க கேலி பண்ணுவாங்கல்லா. ராத்திரி பூரா உக்காந்து எல்லாப் படத்துலயும் சுத்தம் பண்ணுனோம்.”

“ஆத்துல பாறை மேல இருந்ததையுமா?”

“அது ஆப்பிரிக்காலா. அங்கன இந்த வகை கிடையாது.”

என் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து, அந்த மீன்கொத்திதான் இவருடைய கையெழுத்து என்றேன். பத்திரிகையில் படத்தின் கீழே பெயர் போடும் வேலையைப் பல வருடம் செய்தவன் நான். பெயர் விட்டுப்போவது கவனக்குறைவு. அந்தக் கால முதலாளி பெயரை அழித்தது தெரிந்தே செய்த வஞ்சகம். இவர்கள் செய்ததோ அன்பு. ரசிகர்கள், ரசித்து ரசித்து, முதலாளி கண்ணில் படாமல் தப்பியதையும் தேடிப்பிடித்து அழித்துவிட்டார்கள்.

“சீட்டையாவது மாத்துங்க” என்றேன். “பெயரை எழுதி ஒட்ட அஞ்சு நிமிஷம்.”

“குழுவுல பேசணும் சார். எல்லாம் அச்சாயிட்டு. சாயங்காலம் மேடையில ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்திருவோம்.”

“சட்டை இருக்குலே எனக்கு” என்றார் மைதீன் பிச்சை.

வரவேற்பு மேசையில் வெள்ளைப் பலகையில் எழுதும் நீல மார்க்கர் கிடந்தது. அதை எடுத்தார். மூடியைப் பல்லால் கழற்றினார். சட்டத்தின் கண்ணாடி மேல், கள்ளியின் நுனியில், நான்கு கோடு. அலகு, தலை, முதுகு, வால். சுற்றி நின்றவர்கள் கைபேசியை உயர்த்தினார்கள்.

“பெரியவரே, அது விற்பனைக்கு உள்ளது” என்றார் சங்கரன், உண்மையிலேயே வருத்தமாக. துப்புரவுப் பணிப்பெண்ணைக் கைகாட்டி அழைத்தார்.

அந்த அம்மாள் ஈரத்துணியோடு வந்து கொஞ்சம் தயங்கினார். “நல்லாத்தான இருக்கு” என்றார். பிறகு துடைத்தார். மை முழுக்கப் போகவில்லை. கள்ளியிலிருந்து குதிரையின் காலடி வரை நீலமாக இழுபட்டது.

மைதீன் பிச்சை ஓரடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார், தன் வேலையைப் பார்ப்பதுபோல.

“பாலைவனத்துல தண்ணி வந்துட்டுல்லா. இனிமே குருவி வரலாம்லா, என்னவே?”

நூர்ஜஹான் அவர் கையிலிருந்து மார்க்கரை வாங்கி மேசையில் வைத்தார். மூவரும் வெளியே வந்தோம். அன்றிரவு சாப்பாடு இறங்கியதா என்று ஞாயிறன்று தொலைபேசியில் கேட்டேன். இல்லை என்றார் மகள்.

சனிக்கிழமை மாலையே நான் மதுரைக்குப் பேருந்து ஏறிவிட்டேன். பாலம், மண்டபத்தின் விளம்பரத் தட்டி, அதில் பறவையில்லாத கள்ளி, எல்லாம் பின்னால் போயின. அந்தச் சீட்டுகள் மாற்றப்பட்டதாக இதை எழுதும் வரை தகவல் இல்லை. எனவே கண்காட்சிக்குப் போகாதவர்களுக்கும், போய்ப் பார்த்து ஏமாந்தவர்களுக்கும், அங்கே இருந்திருக்க வேண்டிய வரியை இங்கே தருகிறேன்.

அட்டை ஓவியம்: மைதீன் பிச்சை, பேட்டை.