நாலு விரல் தடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது என் நாத்தனார் லோர்னாவுக்கு நடந்தது. கண்ணால் பார்த்த பெண்களில் மூன்று பேர் இன்றும் எங்களோடு நமாய் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பருத்திக் காட்டில் களை வெட்ட எங்கள் பூர்வகுடிப் பெண்கள்தான் போவார்கள். ஆளுக்கு ஒரு வரிசை. எல்லாருக்கும் முன்னால் டல்சி பெரியம்மா. வெள்ளைக்கார முதலாளியே தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அவளிடம் பேசுவான்.

"ஏண்டி லோர்னா, களையை வெட்டுறியா, தடவிக் குடுக்குறியா?"

"வெட்டத்தானே செய்றேன், பெரியம்மா!"

"அப்புறம் அது ஏன் உன்னைப் பார்த்துச் சிரிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன கோடையில் இதே காட்டில் அவளுடைய சின்னம்மா சுருண்டு விழுந்து இறந்துபோனாள். வெயில் கொன்றுவிட்டது என்றார்கள். லோர்னாவுக்கு மட்டும்தான் மீதி தெரியும். அன்று அவள் வயிற்றுவலி என்று பொய் சொன்னாள். "நீ போய்ப் படு கண்ணு, உன் வரிசையையும் நானே பாத்துக்குறேன். டல்சிகிட்ட மூச்சு விடாத" என்றாள் சின்னம்மா. லோர்னா தண்ணீர் லாரிக்கு அடியில் நிழலில் தூங்கினாள். சின்னம்மா அந்த வெயிலில் இரண்டு வரிசை வெட்டினாள்.

சின்னம்மாவின் பெயரை நான் எழுதமாட்டேன். இறந்தவர்களின் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

லோர்னா கூப்பிட்டாள்.

பகல் பதினொன்றேகால் மணி. மற்றவர்கள் முடித்துவிட்டு மரத்தடிக்குப் போயிருந்தார்கள். பாதி வரிசையில் அவள் மட்டும். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிய கரிசல் மண். வெறுங்கால். மனசு தாங்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னாள். "என்னை மன்னிச்சிரு" என்றாள்.

காற்று நின்றது. வேலியில் கத்திக்கொண்டிருந்த கிளிகள் அடங்கிவிட்டன.

சரக்... சரக்... டக்.

பக்கத்தில், இன்னும் யாரும் தொடாத வரிசையில் களைக்கொத்துச் சத்தம். இரண்டு வெட்டு, மண்ணை உதிர்க்க ஒரு தட்டு. அப்படி வெட்டுகிறவள் ஒரே ஒருத்திதான்.

லோர்னா திரும்பவில்லை. வேகமாக வெட்டினாள்.

சரக்... சரக்... டக். கூடவே வந்தது.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

சின்னம்மாவின் புகையிலை வாசனை... மிகப் பக்கத்தில்...

கண்ணை மூடினாள்.

திறந்தபோது மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நடந்து வந்த நினைவே இல்லை.

"பக்கத்து வரிசையை யாருடி வெட்டினது?" என்றாள் பெரியம்மா.

காலடியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிற பெண்கள். அந்த வரிசைக்குப் போய்ச் சேற்றின் மேல் குனிந்தார்கள். இடது காலில் சுண்டுவிரல் இல்லாத தடம். சின்ன வயதில் விறகு பிளக்கும்போது சின்னம்மா கோடரிக்குப் பறிகொடுத்த விரல் அது.

லோர்னா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். பொய், லாரி, தூக்கம். பெரியம்மா திட்டவில்லை. அவள் கண் லோர்னாவின் வரிசையிலேயே இருந்தது.

"உன் தடம் எங்கடி?"

பாதி தூரம் வரைக்கும் லோர்னாவின் தடம். அதற்குப் பிறகு, அங்கேயும் நாலு விரல்.

"இங்க காலை வை."

லோர்னா இடது காலைச் சேற்றில் அழுத்தி எடுத்தாள். காலில் ஐந்து விரல். எல்லாரும் பார்த்தார்கள்.

தடத்தில் நாலு.

பெரியம்மா அதைத் தன் காலால் அழித்தாள். "இனிமே செருப்பில்லாம நடக்காத" என்றாள். அவ்வளவுதான்.

நான் மருமகளாக வந்த புதிதில் இதைக் கதை என்றே நினைத்தேன். ஒருநாள் மீன் பிடிக்கப் போன இடத்தில் லோர்னாவின் செருப்பு ஆற்றோடு போய்விட்டது. ஈர மணலில் அவள் முன்னால் நடந்தாள்.

பின்னால் வந்த நான் குனிந்து பார்த்திருக்கக் கூடாது.