உள்ளே தாழ்ப்பாள், வெளியே நாங்கள்

போலீஸ் வேலையில் பிணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள்; மேலதிகாரியின் போனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஓய்வு பெறும்வரை தேறுவதில்லை. நான் இரண்டாவது ரகம். நீங்கள் பாங்க்கிலோ பள்ளிக்கூடத்திலோ பஸ் டிப்போவிலோ எங்கே குப்பை கொட்டினாலும் சரி, "இன்னும் முடியலையா?" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தால் உங்களுக்கும் நாற்காலி சுடத்தானே செய்கிறது? அப்படியானால் நாம் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். கல்வராயன் மலையடிவாரத்து ஸ்டேஷன் ஒன்றில் நான் எஸ்.ஐ.யாக இருந்தபோது ஓர் அறை எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சுத்தபத்தமான கொலை

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ராமலிங்கம் என்று ஒரு கரும்பு விவசாயி. மத்தியானம் வயலிலிருந்து வந்து தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. மனைவி பூங்கொடி தட்டிப் பார்த்து, பயந்து போய்ப் பக்கத்து வயலில் குடியிருந்த கொழுந்தன் ஏழுமலையைக் கூப்பிட்டாள். அவன் கடப்பாரையால் கதவை உடைத்தான். உள்ளே பின்மண்டையில் அடிபட்டு ராமலிங்கம் கட்டிலில் செத்துக் கிடந்தார். ஒரே ஜன்னல், அதிலும் கம்பி. மேலே காங்கிரீட் தளம். அறைக்குள் அடித்த ஆளும் இல்லை, அடித்த ஆயுதமும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே தடயம் என்று சொல்ல ஒரு தூசுகூட இல்லை. பிணத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, முகம் துடைத்து, மஞ்சளும் சந்தனமும் பூசி, நெற்றியில் காசு வைத்து, தலைமாட்டில் விளக்கும் ஏற்றியிருந்தார்கள். அறையைச் சாணம் போட்டு மெழுகியாயிற்று. தலைக்கடியில் ரத்தத்தோடு கிடந்த துண்டைத் துவைத்துக் கொடியில் உலர்த்தியும் ஆயிற்று. எங்கள் இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் உங்களை இதையெல்லாம் செய்யச் சொன்னது என்று நான் கத்தியதற்கு, துடைப்பத்தோடு நின்ற பெரியம்மா ஒருத்தி என்னைத்தான் விவரம் கெட்டவளாகப் பார்த்தாள். "பொணம் கெடந்த எடத்த அப்படியே போட்டு வெப்பாங்களா மேடம்? நாளைக்கி பொண்ணுக்குப் பரிசம் போட வர்ற வூடு இது!"

நாய் சொன்ன சாட்சி

மோப்ப நாய் வந்தது. நல்ல வாட்டசாட்டமான நாய், நடையில் எங்கள் இன்ஸ்பெக்டரை விட மிடுக்கு. மெழுகிய தரையை முகர்ந்து தும்மியது. கட்டிலை முகர்ந்தது. பிறகு வரப்போடு ஓடி, ஏழுமலை வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஊரே சிரித்தது. கதவை உடைத்தவன் ஏழுமலை, பிணத்தைத் தூக்கி வந்தவன் ஏழுமலை, அண்ணா அண்ணா என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதவனும் அவன்தான். அந்த அறை முழுக்க அவன் வாடைதானே இருக்கும்? நாங்களும் சிரித்தோம். நாயைப் பழக்கிய காவலருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. "அது கரெக்டாத்தான் காட்டுது மேடம். நம்பாதது உங்க கொறை, அதுக்கு பிஸ்கோத்து போடுங்க."

நைலான் நூல்

கொலைகாரன் வெளியே நின்றபடி உள்தாழ்ப்பாளைப் போட்டிருக்க வேண்டும் என்பது இன்ஸ்பெக்டரின் முடிவு. உடைந்த கதவை ஆசாரியை வைத்துப் பழையபடி மாட்டினோம். தாழ்ப்பாளில் நைலான் நூல் கட்டி, கதவு இடுக்கு வழியாக இழுத்துப் பார்த்தோம். நூல் அறுந்தது. கம்பியால் இழுத்தோம், கம்பி வளைந்தது. காந்தம் வாங்கி வந்தோம். அது கதவிலிருந்த ஆணியை எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டதே தவிர தாழ்ப்பாளைக் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் ஏட்டு தனசேகரை உள்ளே அனுப்பி, தாழ்ப்பாளைப் போட்டு நூலின் முனையை இடுக்கில் தள்ளச் சொன்னோம். கடப்பாரை அடியில் ஏற்கெனவே கோணிப்போயிருந்த தாழ்ப்பாள் சரியாக உள்ளே போய் இறுகிக்கொண்டது. தனசேகர் கனத்த உடம்புக்காரர், வேர்த்து ஊற்றுகிறது. ஊர் ஜனம் ஜன்னலில் முண்டியடித்து வேடிக்கை பார்க்கிறது. ஆசாரி வரும்வரை கம்பி வழியாக அவருக்கு மோர் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் அப்போதும் விடாமல், கொலைகாரன் இப்போது எப்படி வெளியே போயிருப்பான் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது. "அவன் எப்படியோ போய்த் தொலையட்டும் சார், மொதல்ல நான் எப்படி வெளிய வர்றதுன்னு சொல்லுங்க!"

பழி ஒரு பக்கம்

இதுவரை சிரித்தாயிற்று. இனிமேல் வருவது சிரிக்கிற சங்கதி இல்லை. வீட்டில் அன்றைக்கு இருந்தது பூங்கொடி ஒருத்திதான். கொல்லையில் உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பார்த்தவர் யாரும் இல்லை. முதல் நாள் புருஷனுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. பரிசத்துக்குத் தன் அண்ணனை முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டேன் என்றதற்கு அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது. போதாதா? எப்படிச் செய்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செய்தது அவள்தான் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேஸ் முடியட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் பங்காளிகள் மறுத்தார்கள். கருமாதிப் பந்தலில் அவள் உட்காரக் கூடாது என்று ஏழுமலையே முன்னால் நின்று பேசினான்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிடும்போதெல்லாம் அவள் மகள் சங்கீதாவையும் கூட்டிக்கொண்டு வருவாள். மகளை வீட்டில் விட்டுவந்தால் உறவுக்காரப் பெண்கள் பேசியே கொன்றுவிடுவார்களாம். இரண்டு பேரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. இவள் செய்யவில்லை என்று எனக்குள் அடித்துச் சொன்னது. ஆனால் எனக்குள் அடித்துச் சொல்வதையெல்லாம் கோர்ட்டில் கொடுக்க முடியுமா? பூட்டிய அறையின் மர்மம் திறக்கட்டும், அதுவரை கைது வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினேன். அவருக்கும் மேலிருந்து போன். "கருமாதிக்குள்ள ஆள் வேணும்னு நிக்கறாங்கம்மா. பூட்டுன ரூமை அப்புறம் தெறந்துக்கலாம், மொதல்ல அந்தம்மாவ உள்ள வை!"

வாழைக்காயும் விரலும்

மறுநாள் பூங்கொடியைக் கைது செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு வீட்டில் வாழைக்காய் நறுக்கினால் கவனம் வாழைக்காயிலா இருக்கும்? அரிவாள்மனையில் விரலைக் கொடுத்தேன். ரத்தம் குபுகுபுவென்று வந்தது. என் வீட்டுக்காரர் பதறி ஓடிவந்து, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து, ஒரு பிடி எடுத்து வெட்டில் வைத்து அழுத்தினார்.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் மண்டையில் பளிச்சென்று ஏதோ எரிந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அன்றே சொல்லியிருந்தார், ராமலிங்கத்தின் காயத்தில் ரத்தம் உறைந்த முடிக்குள் காப்பித்தூள் இருக்கிறது என்று. மஞ்சளும் சந்தனமும் அப்பியவர்கள் இதையும் சேர்த்து அப்பியிருப்பார்கள் என்று நாங்கள் கேள்வியே கேட்காமல் விட்டுவிட்டோம். காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்தப் போடுவதல்லவா? பிணத்துக்கு யார் போடுவார்கள்? அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது, அறைக்கு வெளியே எங்கேயோ, யாரோ அவருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்! அப்படியானால் அடியும் வெளியேதான் விழுந்திருக்கிறது. நடந்து வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது செத்தவரேதான்! நான் அடுப்படியிலேயே குதித்தேன். கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டு செருப்பைத் தேடினேன். வீட்டுக்காரர் என் கையை விடவில்லை. "மொதல்ல வெரல ஒழுங்கா நீட்டு, அப்பறம் கொலகாரனப் புடிக்கலாம்."

மலைக் காப்பி

டாக்டருக்குப் போன் போட்டேன். தலையில் அடிபட்ட சிலர் நன்றாக நடப்பார்கள், பேசுவார்கள், உள்ளே ரத்தம் கசிந்து பிறகுதான் சாய்வார்கள் என்றார். எனக்கு அது போதும். பூங்கொடியிடம் போனேன். அவர்கள் வீட்டில் காப்பித்தூள் வாங்குவதே இல்லையாம், ராமலிங்கத்துக்கு அந்த வாசனையே ஆகாதாம், மூன்று வேளையும் டீதானாம். பிணத்துக்கு மஞ்சள் பூசிய பெண்களைக் கேட்டேன். காப்பித்தூளை யாரும் தொடவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார்கள்.

வரப்போடு நடந்து ஏழுமலை வீட்டுக்குப் போனேன். அவன் கருமாதிச் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தான். அவன் மனைவி கனகா வெள்ளந்தி, வந்தவரைச் சும்மா அனுப்பத் தெரியாதவள். காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரின் அடியில் கொரகொரவென்று தூள் தங்கியிருந்தது. மலையில் தோட்ட வேலை பார்க்கும் தன் தம்பி கொட்டை கொடுத்தனுப்புவதாகவும் உரலில் தானே இடிப்பதாகவும் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் எடுத்து வைத்திருந்த தூளும் இப்படித்தான் கொரகொரவென்று இருந்ததாக அவர் சொல்லியிருந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். வாசனை தூக்கலாக இருக்கிறதே, சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று பேச்சுக் கொடுத்தேன். தொழுவத்திலிருந்த காளையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத காளை அது. "ஆமா மேடம், பெரியவரு செத்த அன்னிக்கிக் கூட ஒரு புடி அள்ளிக்கினு ஓடுனாரு இவரு, இன்னாத்துக்குன்னு கேட்டா மாட்டுக்கு அடிபட்டுப் போச்சின்னாரு."

மடைத் தகராறு

ஏழுமலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாங்கள் நின்றிருந்தோம். முதலில் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தான். மோட்டார் கொட்டகையில் ஒளித்திருந்த மண்வெட்டியைத் தனசேகர் கொண்டுவந்து காட்டியதும் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டான். பொதுக் கிணறு. தண்ணீர் முறை அவனுடையதாம். அண்ணன் தன் கரும்புக்கு மடை திருப்பக் குனிந்திருக்கிறார். ஆத்திரத்தில் மண்வெட்டிக் காம்பால் ஒரே போடு. ரத்தத்தைப் பார்த்ததும் பயந்து வீட்டுக்கு ஓடி, காப்பித்தூள் அள்ளி வந்து அவனே அழுத்தியிருக்கிறான்.

பிறகு ஏன் மூடி மறைத்தாய் என்றேன். குலுங்கிக் குலுங்கி அழுதான். இந்தத் தடவை நிஜமான அழுகை. எனக்கு இரக்கமும் வந்தது, அறைய வேண்டும் போலவும் வந்தது. "அண்ணன்தான் மேடம் சொன்னாரு, 'நாளைக்கி பரிசம் போட வர்றாங்க, அண்ணந்தம்பி மண்டைய ஒடச்சிக்கினாங்கன்னு தெரிஞ்சா பொண்ணு எடுப்பாங்களாடா, ஒங்க அண்ணிக்கிக் கூடத் தெரியக் கூடாது'ன்னு தலைல துண்டக் கட்டிக்கினு போனாரு."

பந்தலில்

கருமாதிக்கு நான் யூனிபாரத்தோடு போனேன். ஏழுமலையை ஏன் கூட்டிப்போனோம் என்று ஊருக்கு இன்னும் தெரியாது; சடங்கை வேறொரு பங்காளி செய்துகொண்டிருந்தார். பூங்கொடி மகளோடு பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாள். ஊர் நியாயம் பேசியவர்கள் எல்லாரும் உள்ளே. நான் அவள் கையைப் பிடித்து நடுப்பந்தலுக்குக் கூட்டிவந்து, நடந்தது அத்தனையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த மாதிரி சத்தமாக நான் டிரில்லில்கூடக் கட்டளை போட்டதில்லை. பாய் விரித்து அவளை உட்காரச் சொல்லிப் பங்காளிகள் பரபரத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்து, நின்ற பேச்சை மறுபடி எடுக்கலாமே என்று இழுத்தார்.

பூங்கொடி உட்காரவில்லை. புருஷன் படத்தைப் பார்த்து ஒருமுறை விம்மினாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, மகளைத் தன் பக்கத்தில் நிறுத்தி, பந்தலில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பலர் தரையைப் பார்த்தார்கள். அவள் பேசியபோது, மறைப்பானேன், எனக்குக் கண் கலங்கியது. "கதவ மூடிக்கினது அவரு, வாய மூடிக்கினது அவரு தம்பி. நீங்க எல்லாம் இன்னாத்தக் கண்டுட்டு என் பொண்ண இந்த வெயில்ல நிக்க வெச்சீங்க?"

ஆக, சக சுமைதாங்கிகளே, ஊரில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்து உண்மையை வாங்கிவிடலாம், குடும்ப மானத்துக்காகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட ஆளிடம் மட்டும் வாக்குமூலம் வாங்க எங்கள் டிபார்ட்மெண்டில் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.