குனிந்து நுழையும் வாசல்

நோர்வேயில் எந்த வாசலும் என் தலையில் இடிப்பதில்லை. வந்து இத்தனை வருடமாகியும் நான் குனிந்துதான் நுழைகிறேன். பார்ப்பவர்கள் ஏதோ சமய வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நாட்டில் என்னைப் போன்ற ஆண்களுக்கென்று ஒரு சங்கம்கூட இருக்கிறது. முதல் கூட்டத்தில் பதினொரு நெட்டையர்கள், மேசைக்கடியில் கால் வைக்க இடமில்லாமல், வாஃபிள் தின்றுகொண்டிருந்தோம். “உனக்கு எப்போது தெரியவந்தது?” என்று தலைவர் கேட்டார். “கடல் வந்த பிறகு” என்றேன். எங்கள் ஊர்ப் பழமொழி என்று நினைத்து எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பழமொழியல்ல, சுனாமி. எங்கள் ஊர் நாவலடியில், கரையோரம் இருந்த அம்மாவின் வீட்டைக் கடல் கொண்டுபோய் நான்காம் நாள், அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ ஒருவரின் போனில் அவர் குரல் வந்தது. உயிரோடு இருக்கிறாரே என்று நான் விம்மி முடிப்பதற்குள் கேட்டார்: “மனே, அவள் முழுகாம இரிக்காளா?” மாற்றுச் சேலை இல்லாமல் நிற்பவருக்கு மருமகள் கர்ப்பமா என்பதுதான் கவலை. கலியாணமாகி ஏழு வருடம், எங்களுக்குப் பிள்ளையில்லை. குறை என் மனைவி புஷ்பாவுடையது என்று அம்மா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊர்க் கோயில் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்திக்கடனுக்குமேல் நேர்த்திக்கடன். எல்லாச் சோதனைக்கும் புஷ்பாதான் போய்வந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அந்தப் போனுக்குப் பிறகுதான், வெட்கம் பிடுங்கித் தின்ன, நானும் இரத்தச் சோதனைக்குப் போனேன்.

“ஆணுக்கு எக்ஸ் ஒன்று, வை ஒன்று. உனக்கு எக்ஸ் ஒன்று கூடிவிட்டது” என்றார் டொக்டர். நான் ஆண்தான், அதில் சந்தேகமே இல்லையாம். உயரத்துக்கும் அதுதான் காரணம், பிள்ளையில்லாததற்கும் அதுதான். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருக்கலாம், யாருடைய பிழையுமல்ல என்றார். வெளியே வந்து புஷ்பா அழுதாள். பிறகு, “மாமிக்கு ஆரு சொல்ற?” என்றாள்.

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. கூடாரத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? கூடாரம் போய், நிவாரணத்தில் கட்டிக்கொடுத்த உதவி வீடு வந்தபோது ஊர்ப்பக்கம் வாகரையில் சண்டை. பிறகு வன்னியில். கடலையும் போரையும் முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அனுப்பிய கோயில் நூலெல்லாம் புஷ்பாவின் கையில்தான் ஏறியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. போர் முடிந்தது என்று செய்தி வந்து, அழுது, சாப்பாடு இறங்காமல் கிடந்த நாட்களும் போயின. ஒரு காலை அவள் போனை என் முன்னால் வைத்தாள்.

“இனி எந்தச் சண்டையச் சொல்லப் போறீங்க?”

எடுத்தேன். “அம்மா, அவளில ஒரு பிழையும் இல்ல. எனக்குத்தான் உடம்பில ஒண்டு கூடவாம். அதாலதான் புள்ள இல்ல.”

“கூடத்தானே மனே, அதுக்கேன் அழுறாய்?”

“உங்களிட்ட இருந்தோ அப்பாட்ட இருந்தோ வந்திருக்குமாம்.”

“உன்ட அப்பா ஒருநாளும் ஒண்டையும் கூடக் குடுத்த மனிசனில்ல. நான்தான் தந்திருப்பன்.” பிறகு சொன்னார்: “போன அவளிட்டக் குடு.”

புஷ்பா மூன்று தரம் “ஓம் மாமி” என்றாள். போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அம்மாவுக்கு நான் ஒருவன்தான். உதவி வீடு யாருக்கு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் புஷ்பாவின் பேருக்கு எழுதப்போகிறாராம்.

“வேற என்ன சொன்னா?”

“வாசல் பதிவாம், உயரம் குறைவாம். ‘அவன் உன்ட வாசலால குனிஞ்சுதான் வரவேணும்’ எண்டா.”

அடுத்த சங்கக் கூட்டத்தில் கதவடியில் வழக்கம்போலக் குனிந்தேன். “இங்கே தேவையில்லையே” என்று தலைவர் சிரித்தார்.

“இது இந்த வாசலுக்கு இல்லை” என்றேன்.

பழமொழி என்று நினைத்து எல்லோரும் தலையாட்டினார்கள்.